தீபத்தன்று ஏறாத சாக்கடை

திருவண்ணாமலைச் சன்னதித் தெருவில் குருக்கள் வீட்டில் பிறந்த நீலகண்டனுக்குச் சின்ன வயதிலேயே ஒரு சந்தேகம். அபிஷேகத் தண்ணீர் கோமுகி வழியாக வெளியே விழுகிறது. பக்தர்கள் அதைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். சரி, யாரும் ஏந்தாத தண்ணீர் எங்கே போகிறது? அப்பாவைக் கேட்டான். "பூமிக்குப் போறதுடா" என்றார். பூமியில் எங்கே என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

அண்ணன் தண்டாயுதபாணி ஆகமம் படித்துக் கோவிலில் பூஜை முறைக்குப் போனார். நீலகண்டன் வேலூரில் சிவில் டிப்ளமா படித்துவிட்டு, சொந்த ஊர் நகராட்சியிலேயே ஓவர்சியரானார். சர்க்கார் உத்தியோகம் என்று வீட்டில் முதலில் பெருமைதான். ஓவர்சியர் என்றால் ரோட்டையும் சாக்கடையையும் பார்ப்பவர் என்று தெரிந்த பிறகு, கொல்லைப்புறமாக வந்து கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் குளித்தார். வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு, அது கொல்லைச் சந்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே குளித்தார்.

எழுபத்தேழாம் வருஷம் வேலூரிலிருந்து சக்கரபாணி என்கிற இன்ஜினியர் வந்தார். வயதில் இளையவர், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஊருக்கு வெளியே பெரிய குட்டைகள் வெட்டி, சாக்கடைத் தண்ணீரை அதில் பல நாள் தேக்கி வைப்பது அவர் கொண்டுவந்த திட்டம். வெயிலும் பாசியும் சேர்ந்து அதைத் தெளிய வைத்துவிடும். பிறகு அதை வயலுக்கு விடலாம். எந்திரம் வேண்டாம், கரண்டும் வேண்டாம். எவ்வளவு பெரிய குட்டை வேண்டும் என்பதுதான் கேள்வி. இன்றைய ஊருக்கு வெட்டினால், வெட்டி முடிப்பதற்குள் ஊர் பெருத்துவிடும். ரொம்பப் பெரிதாக வெட்டினால் குட்டை நிறையாமல் கொசுதான் வளரும்.

"குழாய்த் தண்ணி கணக்கு உங்க ஆபீஸ்ல இருக்குமே? அதுல முக்கால்வாசி சாக்கடைக்கு வரும்னு வெச்சுக்கலாம்" என்றார் சக்கரபாணி.

"இங்கே பாதி வீட்ல கிணத்துத் தண்ணிதான் சார். குழாயை வெச்சு எப்படிச் சொல்றது?"

சக்கரபாணி பேனாவை மூடினார். "அப்படின்னா அளந்துதான் பாக்கணும். நீங்க அளக்கறீங்களா?"

இப்படி ஒருவர் தன்னைக் கேட்பார் என்று நீலகண்டன் கனவிலும் நினைத்ததில்லை. மறுநாளே ஆசாரியிடம் போய்ப் பலகை ஒன்று செய்யச் சொன்னார். நடுவில் இங்கிலீஷ் 'வி' எழுத்துப் போல வெட்டிய பலகை. தெருச் சாக்கடைகள் எல்லாம் வந்து ஒன்றாகச் சேரும் இடத்தில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் எல்லையில், அதைக் குறுக்கே நிறுத்தினார். வெட்டு வழியாக எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் போகிறது என்று பார்த்தால், எவ்வளவு ஓடுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

சாக்கடை மேஸ்திரி இராமலிங்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான். "இன்னா சாமி, சாக்கடைக்குக் கதவு போடறீங்களா?"

"கதவு இல்லப்பா. ஊர் என்ன பண்றதுன்னு பாக்கற ஜன்னல்."

"நாத்தத்துக்கு ஜன்னல் வச்ச மொதல் ஆளு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு இராமலிங்கம் பலகையின் இரு பக்கமும் களிமண் அப்பினான்.

அந்தச் சில மாதங்களில் நீலகண்டன் கண்டதையெல்லாம் மனைவி அபீதகுஜாம்பாளிடம் வந்து சொல்வார். வேறு யாரிடம் சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை காலை சாக்கடை ஏறுகிறது, சீயக்காய் நுரை வருகிறது: பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். சனிக்கிழமை ஆண்கள் குளிக்கிறார்கள், நுரை கம்மி. அமாவாசைக்கு வீடு கழுவுவதால் ஏற்றம். தீபாவளியன்று விடிவதற்கு முன்பே பலகை தளும்புகிறது. முகூர்த்த நாளில் கல்யாணச் சத்திரத்துக் குழம்பு எண்ணெய் மஞ்சளாக மிதந்து வருகிறது.

"பஞ்சாங்கம் பாக்கவேண்டாம்னு சொல்லுங்கோ. சாக்கடையைப் பாத்தாப் போறும்" என்பாள் அபீதா. சொன்னாலும், மறுநாள் சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் "இன்னிக்கு என்ன வந்தது?" என்று அவளே கேட்பாள்.

ஆகவே கார்த்திகை தீபத்துக்காக இருவருமே காத்திருந்தார்கள். அறுபதாயிரம் சொச்சம் பேர் இருக்கிற ஊருக்குள் அன்று ஒரே நாளில் லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கும். வெள்ளிக்கிழமைக் குளியலுக்கே ஏறுகிற சாக்கடை, தீபத்துக்கு என்ன ஆகும்?

முதல் வருஷம் மழை கெடுத்தது. காலையிலிருந்து ஊற்றியது, பலகையே தெரியாத அளவுக்குத் தண்ணீர். சக்கரபாணிக்கு ரொம்ப திருப்தி. "பாருங்க, கூட்டத்தோட எஃபெக்ட்!" என்றார். நீலகண்டன் ஒரு சொம்பில் தண்ணீரை எடுத்து மண் அடியில் படியும்வரை வைத்துப் பார்த்தார். அடியில் செம்மண், மேலே தெளிந்த தண்ணீர். இது மலையிலிருந்து வந்த மழை, மனுஷரிடமிருந்து வந்ததல்ல. "அடுத்த வருஷம் பாப்போம் சார்" என்றார்.

அடுத்த வருஷம் வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. பஸ்ஸிலும் லாரியிலும் மாட்டு வண்டியிலும் ஜனம் வந்து குவிந்தது. மாட வீதியில் மனிதத் தலை தவிர வேறெதுவும் தெரியவில்லை. நீலகண்டன் காலையிலிருந்து பலகைப் பக்கத்திலேயே குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஏறவில்லை. வழக்கமான வியாழக்கிழமை போல ஓடியது. மத்தியானம் கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கிவிட்டது.

"மேலே எங்கேயாவது அடைச்சிண்டிருக்கா பாருப்பா" என்றார்.

இராமலிங்கம் ஆட்களோடு போய், தெருத் தெருவாகப் பார்த்துவிட்டு வந்தான். "எங்கியும் அடைப்பு இல்ல சாமி. சுத்தமாப் போவுது."

ஊரே வெடிக்கிற மாதிரி கூட்டம். ஆனால் ஊரின் அடிவயிற்றில் அசைவில்லை. லட்சம் பேர் வந்தால் லட்சம் பேரின் தண்ணீர் எங்கே?

குழம்பிப்போய் மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்கு வந்தார். கொல்லைக் கதவு திறந்திருந்தது. கிணற்றடியிலிருந்து சந்து வரை முன்பின் தெரியாத பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு சிலர், மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலையோடு சிலர். நீலகண்டன் வீட்டில் போன வருஷம்தான், ஆள் வந்து அள்ளுகிற பழைய எடுப்புக் கக்கூஸை மாற்றி, தண்ணீர் ஊற்றுகிற கோப்பை பதித்திருந்தார்கள். அதன் வாசலில் அபீதா வாளியோடு நின்றிருந்தாள்.

"யார் இவாள்ளாம்?"

"கீழ்பென்னாத்தூர் பக்கமாம். வாசல்ல வந்து ஒருத்தி அழறா, பாவம். கேட்டா, விடியக்காலம் வண்டியேறினதாம். அப்பலேர்ந்து எங்கேயும் போகலையாம். ஒருத்தியை விட்டேன், பின்னாடியே இத்தனை பேர்" என்றாள் அபீதா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தெரியுமோன்னோ, இவா யாரும் தண்ணியே குடிக்கலை. தீர்த்தம் குடுத்தாக்கூட உதட்டை நனைச்சுக்கறா. குடிச்சா எங்கே போறது? இருட்டினப்பறம் ஏரிக்கரைக்குப் போய்க்கலாம்னு அடக்கிண்டு நிக்கறா."

நீலகண்டன் அப்படியே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பல வருஷமாகக் கோவில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர். அந்தக் கூட்டத்தின் தாகம் ஒரு நாளும் அவர் கண்ணில் பட்டதில்லை. ஆண்கள் ஏரிப் படுகைக்கும் மலையடிவாரத்துக்கும் போய்விடுகிறார்கள். பெண்கள் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். சாக்கடைக்கு எதுதான் வரும்?

அன்று சாயங்காலம் கோவில் முறை முடிந்து தம்பி வீட்டுக்கு வந்த தண்டாயுதபாணி வாசலில் நின்றபடியே கத்தினார். "தீபத்தன்னிக்குக் குருக்களாத்துப் பொம்மனாட்டி கக்கூஸ் வாசல்ல நிக்கறா! இனிமே இங்கே பச்சைத் தண்ணி பல்லுல படாது எனக்கு." சொன்னபடியே தம்பி வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

சக்கரபாணியிடம் நீலகண்டன் விஷயத்தைச் சொன்னார். அவர் உடனே நம்பவில்லை. "இன்ட்ரஸ்டிங்தான். ஆனா இது உங்க ஊகம். நிரூபிக்க முடியுமா?"

"இடம் குடுத்துப் பாக்கலாம் சார். இடம் இருந்தா ஏறறதான்னு."

நகராட்சிக் கமிஷனரைப் பிடித்து அனுமதி வாங்கவே அடுத்த தீபம் நெருங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டி நீளமாக ஒரு வரிசை கக்கூஸ் போட்டார்கள். கோப்பை பதித்து, மூங்கில் தட்டி கட்டி, முன்னால் சாக்குப் படுதா தொங்கவிட்டார்கள். அபீதா சொன்னாள் என்று பக்கத்திலேயே குடிதண்ணீர்ப் பானைகளும் வைத்தார்கள்.

தீபத்தன்று காலை ஆண்கள் பக்கம் நிரம்பியது. பெண்கள் பக்கம் காக்கை கூட வரவில்லை. பெண்கள் வருகிறார்கள், படுதாவைப் பார்க்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். ஏன் என்று நீலகண்டனுக்குப் புரியவில்லை. இராமலிங்கத்துக்கும் புரியவில்லை. பூஜைத் தட்டோடு அந்த வழியாக வந்த அபீதாதான் நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"படுதாவா? காத்தடிச்சாப் பறக்கறதே! தாப்பாள் இல்லாத இடத்துக்கு எவ போவா?"

இராமலிங்கம் மரக்கடைக்கு ஓடினான். பழைய பெட்டிப் பலகைகளை அடித்து, உள்பக்கம் கயிற்றுக் கொக்கி மாட்டி, உச்சி வெயிலுக்குள் கதவு போட்டான். தட்டை மரத்தடியில் வைத்துவிட்டு அபீதா அங்கேயே நின்று, தயங்கியவர்களைக் கூப்பிட்டாள். "வாங்கம்மா, உள்பக்கம் தாப்பாள் இருக்கு. மொதல்ல தண்ணி குடிங்கோ." ஒருத்தி போனாள். அவள் வெளியே வந்து தன் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தாள். அதன் பிறகு பானையில் தண்ணீர் நிரப்பி மாளவில்லை.

நீலகண்டன் சைக்கிளை மிதித்துக்கொண்டு பலகைக்குப் போனார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெட்டில் பாதி ஏறி, முக்கால் ஏறி, நிறைந்துவிட்டது. மாலையில் மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊர் முழுக்க ஒரே முழக்கம் எழுந்தது. எல்லாரும் மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நீலகண்டன் மட்டும் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பலகை ஒரு தடவை நடுங்கியது. களிமண் விட்டுக்கொடுத்தது.

"சாமி, பலகை! பலகை போவுது!"

இராமலிங்கம் வேட்டியை மடித்துக்கொண்டு வயல் பக்கமாக ஓடினான். பலகை அவனுக்கு முன்னால் ஆடி ஆடி மிதந்து போனது. நீலகண்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம்தான், தாமதமாக, நிமிர்ந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அளவு கிடைக்கவில்லை. 'பலகை தாங்கியதைவிட ஜாஸ்தி' என்றுதான் அறிக்கையில் எழுத முடிந்தது.

"'ஜாஸ்தி'ங்கறதை வெச்சு நான் எப்படி மிஸ்டர் நீலகண்டன் டிசைன் பண்றது?" என்று சக்கரபாணி சிரித்தார். ஆனால் அவர் அந்த விஷயத்தை அதோடு விடவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஓட்டலில் காபி குடிக்கும்போது சொன்னார். "குட்டைங்கறது வயிறு மாதிரி. வாரக்கணக்குல தண்ணிய வெச்சிருக்கும். அதனால ஒரு நாள் விருந்தைத் தாங்கிக்கும். தீபம் பிரச்சனையே இல்ல. தினம் விருந்தா ஆனாத்தான் செரிக்காது. தீபத்துக்கு எத்தனை பேர் வராங்கன்னு இவ்வளவு நாள் பாத்தீங்க. தினமும் யார் வரப்போறாங்கன்னு பாருங்க."

அந்தக் கேள்வி நீலகண்டனைப் பிடித்துக்கொண்டது. தினமும் யார் வரப்போகிறார்கள்? புதிதாக எழும்பும் லாட்ஜ்களில் எத்தனை அறை, அறைக்குள்ளேயே குளியலறையா என்று போய்ப் பார்த்தார். பௌர்ணமிக்கு மலை சுற்ற முன்பெல்லாம் உள்ளூர்க்காரர்கள்தான் போவார்கள். இப்போது வெளியூர் பஸ்ஸும் நிற்கிறதே என்று கண்டக்டர்களிடம் விசாரித்தார். எடுப்புக் கக்கூஸை மாற்றுகிற ஒவ்வொரு வீடும் சாக்கடைக்குள் வருகிற ஒரு புதுக் குடும்பம் என்று புரிந்துகொண்டார். கடைசியில் சக்கரபாணியும் அவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இரண்டு குட்டை வெட்டுவது, மூன்றாவதற்கு நிலம் மட்டும் எடுத்துப் போட்டுவைப்பது.

மூன்றாவதற்கான நிலம் உண்ணாமலை என்கிற அம்மாளுடைய மணிலாக் கொல்லை, அதாவது வேர்க்கடலை வயல். புருஷன் இல்லை, தானே உழவு பார்க்கிறவள். நீலகண்டன் பேசப் போனபோது அவள் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"இன்னும் பொறக்காத ஜனத்துக்கு எங்கிட்ட நெலம் கேக்கறீங்களே ஐயரே, இது இன்னா நாயம்?"

"நியாயந்தாம்மா நீங்க கேக்கறது. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"மூணு."

"எங்க இருக்காங்க?"

"பெரியவன் டவுன்ல ரைஸ் மில்லுல இருக்கான், அங்கியே வூடு எடுத்துட்டான். நடுவுலவன் லாரி ஓட்டறான், அவனும் டவுன்தான். பொண்ணைப் பஸ் ஸ்டாண்டாண்ட குடுத்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ, நீங்க சொல்ற அந்த ஜனத்துல எங்க வூட்டு ஜனமும் இருக்குதா?"

"அதுங்களோட பிள்ளைங்களும் இருக்கும்மா."

அவள் பிடுங்கிய செடியை உதறி, ஒரு காயை உடைத்து அவர் கையில் கொடுத்தாள். தானும் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் மென்றாள். "வெட்டற வரைக்கும் நான்தான் பயிர் வைப்பேன். அந்தத் தெளிஞ்ச தண்ணி மீதிக் கொல்லைக்கு வரணும். ரெண்டுத்துக்கும் ஒத்துக்கினா கைநாட்டு வைக்கிறேன்."

மேலதிகாரிகளை அதற்குச் சம்மதிக்க வைக்க நீலகண்டன் வேலூருக்கும் ஊருக்குமாக எத்தனையோ தடவை அலைந்தார். எண்பத்தைந்தில் இரண்டு குட்டைகளும் நிறைந்தன. முதல் தடவை தண்ணீர் பச்சை கட்டியபோது, நாறுமா நாறாதா என்று ஊரே போய் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஓரளவுக்குத்தான் நாறியது. மூன்றாவது குட்டைக்கான இடத்தில் உண்ணாமலை வருஷம் தவறாமல் மணிலா போட்டாள். நல்ல விளைச்சல் என்று பெயர்.

தண்டாயுதபாணி ஒரு மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள், யாரும் கூப்பிடாமலே தம்பி வீட்டுக்கு வந்தார். அபீதா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். பிறகு மெதுவாக, "நேத்திக்கு நல்ல கூட்டம். எத்தனை பேர் இருக்கும்னு உனக்குத்தான் தெரியுமே?" என்றார். அண்ணனுக்கும் கூட்டத்தைக் கணக்குப் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது என்று தெரிந்து நீலகண்டன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்.

எண்பத்தொன்பதில் யாரும் கணக்கில் வைக்காத ஒன்று நடந்தது. வட ஆற்காட்டைப் பிரித்துப் புது மாவட்டம் அமைத்தார்கள். திருவண்ணாமலை தலைநகர். கலெக்டர் வந்தார், பின்னாலேயே அத்தனை இலாகாவும் வந்தது. வேங்கிக்கால் பக்கம் மனைக் கற்கள் நடப்பட்டு, வீடுகள் முளைத்தன. நீலகண்டன் பிறப்பைக் கணக்கெடுத்திருந்தார், லாட்ஜைக் கணக்கெடுத்திருந்தார், பௌர்ணமியைக் கணக்கெடுத்திருந்தார். ஓர் அரசாணை இத்தனை பேரைக் கொண்டுவந்து இறக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அதைவிட, அவர்கள் வந்து இறங்கியது ஊரின் சரிவுக்கு மறுபக்கம். அங்கே கொட்டுகிற தண்ணீர் அவருடைய குட்டைகளின் பக்கம் ஒருநாளும் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனார். புதுசாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டு வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெருவில் கொட்டினாள். நீலகண்டன் சைக்கிளை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாமல் தேங்கி, பிறகு ஏரிப் பக்கமாக மெல்லத் திரும்பியது.

"யாருங்க நீங்க? இன்னா பாக்கறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"முனிசிபாலிட்டிம்மா. உங்க வீட்ல எத்தனை பேர்?"

"இப்போ நாலு பேருங்க. அவருக்கு ட்ரெஷரில வேலை, வேலூர்லருந்து மாத்திட்டாங்க. பொங்கலுக்கு மாமியாரும் வந்துடுவாங்க. எங்க அண்ணனும் இங்கியே மாத்தல் கேட்டிருக்காரு, எதிர் மனை அவருதுதான்." அவள் சந்தேகத்தோடு அவரைப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கறீங்க? ரேஷன் கார்டுங்களா?"

"ரேஷன் இல்லம்மா" என்றார் நீலகண்டன். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் போன வழியே நடக்கத் தொடங்கினார்.